கை பட்டுப் பூத்த இரும்பு

போன மாதம் நித்யா போன் செய்தாள். பட்டறையில் நான் உட்கார்ந்திருந்த கருவி அறை நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். டிப்ளமா படித்தவள், கெட்டிக்காரி. என்ன ஒன்று, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

“அக்கா, துரு புடிக்காத பேப்பர் வாங்கிட்டோம். டிராயருக்குள்ள போடுற பாக்கெட்டும் வாங்கிட்டோம். எல்லாம் போட்டும் ஒரே ஒருத்தரோட டூல்ஸ் மட்டும் காலைல பாத்தா பழுப்பா இருக்குதுக்கா. அந்தக் காலத்துல நீங்கல்லாம் இன்னா பண்ணீங்க?”

‘அந்தக் காலத்துல’ என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் வேலையை விட்டு வந்து என் செருப்பு கூட இன்னும் தேயவில்லை, அதற்குள் நான் அந்தக் காலமாகிவிட்டேன். “அப்புறம் சொல்றேன்மா” என்று போனை வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயமா அது? அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எழுதுவதற்கு முன்னால் எனக்கு எழுத வராது என்று சொல்லிக்கொள்வது பலருக்கு வழக்கம். எனக்கு எழுத வரும். அந்தப் பேச்சு வேண்டாம்.

எங்கள் பட்டறை செவிலிமேட்டில் இருக்கிறது. தறிக்கு வேண்டிய இரும்புச் சாமான்கள் செய்கிற இடம். அதில் முக்கியமானது கம்பி அச்சு. தறி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆள் நீளத்துக்கு ஒரு சீப்பை நினைத்துக்கொள்ளுங்கள், பற்கள் எல்லாம் மெல்லிய எஃகுக் கம்பி. புடவையின் நீளவாக்கில் ஓடுகிற பாவு இழைகள் அந்தப் பற்களுக்கு நடுவில் நுழைந்துதான் வரவேண்டும். நெசவாளி குறுக்கே ஓட்டுகிற ஊடை இழை ஒவ்வொன்றையும் அடித்து இறுக்குவதும் அதை வைத்துத்தான். ஆக, பட்டு இழை ஒவ்வொன்றும் எங்கள் கம்பியை உரசிக்கொண்டுதான் புடவையாகிறது. கம்பியில் கடுகளவு துரு இருந்தால் போதும், புடவை நெடுகப் பழுப்புக் கோடு விழும்.

துருவுக்கு மருந்து எண்ணெய் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எங்களுக்கு அது ஆகாது. துருவாவது கோடு போட்டுவிட்டு நிற்கும், எண்ணெய் பட்டில் படர்ந்துகொண்டே போகும். அச்சுக் கட்டும் பகுதிக்குள் எண்ணெய்க் குப்பி நுழையக் கூடாது. அங்கே புழங்கும் கருவிகளுக்கும் எண்ணெய் கிடையாது. காலையில் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு வருகிற பெண்களைப் பார்த்தால், “போய் சோப்புப் போட்டு கைய கழுவிக்கினு வாம்மா” என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார் எங்கள் ஃபோர்மேன். எண்ணெய் இல்லாமல் இரும்பைக் காப்பாற்றுவதுதான் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் பிழைப்பு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

ஃபோர்மேன் பெயர் கன்னியப்பன். முசரவாக்கத்தில் விவசாயக் குடும்பம். இளவயதில் அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்துவிட்டு, அப்பா படுத்துக்கொண்டதும் ஊரோடு வந்துவிட்டவர். சைக்கிளில்தான் வருவார். நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் மடித்த வெள்ளைத் துணி, இரண்டும் இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. துரு என்ற வார்த்தையை அவர் வாயால் சொல்லமாட்டார். பூத்திருக்குது என்பார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் காலை கருவி அறை வாசலில் வந்து நின்று, “ஏதாச்சும் பூத்துதாம்மா?” என்று கேட்டார். நான் தலையில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “இல்லீங்க, இன்னிக்கு கனகாம்பரம்தான் கெடச்சுது” என்றேன். அந்த மனுஷன் சிரிக்கவில்லை. “அது நல்லாதான் இருக்குது. நான் இரும்ப கேட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பட்டறை முழுக்க ஒரு மாதம் என்னைக் கனகாம்பரம் என்று கூப்பிட்டார்கள்.

முதல் வருஷம் முழுக்கத் துடைத்தேன். என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஆனால் துடைப்பதில் இருக்கிற விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும், நித்யாவுக்காக. எங்கள் அறையில் ஒவ்வொருவருக்கும் அவரவர் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. கருவியை எடுத்துப் போகிறவர் அந்த இடத்தில் வில்லையை மாட்டிவிட்டுப் போகவேண்டும். சாயங்காலம் கருவி வந்ததும் முதலில் பிரஷ்ஷால் தூசி தட்டணும். பிறகு ஒரு துணியால் துடைக்கணும், பிறகு இன்னொரு துணியால் துடைக்கணும். முதல் துணி அழுக்குக்கு, இரண்டாவது ஈரத்துக்கு. இரண்டையும் மாற்றிவிட்டால் வேலை கெட்டது. துணி பழைய வேட்டியாக இருக்கணும், கஞ்சி போட்டதாக இருக்கக் கூடாது. துடைத்த பிறகு வெறுங்கை படக் கூடாது, துணியோடு பிடித்தே உள்ளே வைக்கணும். அலமாரியின் அடித்தட்டில் சின்ன பல்பு ஒன்று எந்நேரமும் எரியும், அந்தச் சூட்டுக்கு ஈரம் அண்டாது. ஐப்பசி மழையில் கரண்ட் போனால், மண் தட்டில் நீற்றாத சுண்ணாம்புக் கல் வைப்போம். கல் ஈரத்தை இழுத்துப் பொடிப்பொடியாக உதிரும். உதிர்ந்தால் மாற்றவேண்டும்.

டிராயருக்கு டிராயர் மல்லுத் துணியில் சூடம் கட்டிப் போடுவதும் உண்டு. கோயில் வாசல் கடையில் நான்தான் வாங்குவேன். “இவ்ளோ சூடமா, யாருக்குமா வேண்டுதல்?” என்று கடைக்காரர் கேட்பார். “எங்க சாமிக்கு ஏத்த வேணாம், பக்கத்துல வச்சா போதும்” என்பேன். உண்மையில் காப்பாற்றுவது சூடமா பல்பா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். கன்னியப்பனிடம் கேட்டேன். “ரெண்டும் இருந்துட்டு போவட்டும்மா. யாரு காப்பாத்துனதுன்னு இரும்பு வந்து சாட்சி சொல்லப்போவுதா” என்றார்.

அவர் யாரையும் அதட்டிப் பார்த்ததில்லை. எந்தக் கருவியிலாவது பூத்திருந்தால் பையிலிருந்து வெள்ளைத் துணியை எடுத்து அந்த இடத்தை ஒரு தடவை துடைப்பார். பழுப்புக் கறை ஒட்டிய அந்தத் துணியைக் கருவி அறை வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். யாருடையது என்று சொல்லமாட்டார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அதைப் பார்த்துக்கொண்டு போவோம். திட்டியிருந்தால் கூடத் தேவலை.

ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதில் மட்டும் வருஷா வருஷம் தகராறு. கருவிகளைக் கழுவிச் சந்தனம், குங்குமம் வைத்து, மறுநாள் பூஜை முடியும்வரை தொடாமல் வைப்பது வழக்கம்தானே. ஈரச் சந்தனம் ஒரு ராத்திரி இரும்பில் கிடந்தால் வட்ட வட்டமாகப் பூத்துவிடும். அதனால் கன்னியப்பன் சட்டம்: பொட்டெல்லாம் மரப்பிடியில், பிடி இல்லாவிட்டால் பெட்டி மூடியில். கடைசல் பிடிக்கிற ராமுலு இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், பக்தி ஜாஸ்தி, வாய் அதைவிட ஜாஸ்தி. “இரும்புக்கு பொட்டு வைக்காத பூஜை இன்னா பூஜை?” என்பார். “புடிக்கு வைப்பா. புடி வேற யாரோடது, இரும்போடதுதானே” என்பார் கன்னியப்பன். ராமுலு முணுமுணுத்துக்கொண்டே பிடிக்கு வைப்பார்.

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறேன்.

தனலட்சுமி என்று ஒருத்தி அச்சுக் கட்ட வந்து சேர்ந்தாள். நாங்கள் தனம் என்போம். சின்ன காஞ்சிபுரத்தில் வீடு. வீட்டிலேயே ஒரு குழித்தறி, புருஷன் நெசவு. தறி அவர்களுடையது, பட்டும் ஜரிகையும் ஒரு பெரிய நெசவுக்காரர் கொடுப்பார். அவர் பாவு கொடுத்தால் தறி ஓடும், கொடுக்காவிட்டால் நிற்கும். தனம் வாய் ஓயாமல் பேசுவாள். முதல்நாள் பார்த்த சீரியலை மறுநாள் காலை பட்டறைக்கே நடித்துக் காட்டுவாள். கை மட்டும் அதன் பாட்டுக்குக் கம்பிகளை வரிசை பிசகாமல் கட்டிக்கொண்டிருக்கும். அவள் கட்டிய அச்சை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கண்ணுக்கு ஒரு குறை தெரியாது. கன்னியப்பனே ஒருநாள் அப்படித் தூக்கிப் பார்த்துவிட்டு, “கை நல்லா இருக்குதும்மா” என்றார். அவர் வாயிலிருந்து அது வந்தால் பெரிய பட்டம்.

அவள் வந்த சில மாதத்தில் சாயங்காலம் நான் துடைத்து வைக்கிற கருவிகளில் அவள் வில்லையில் போனவை மட்டும் காலையில் பூத்திருந்தன. கம்பியைப் பிடிக்கிற சாமணம், கொக்கி, அளவுத் தகடு என்று அவள் விரல் பட்ட இடமெல்லாம். இரண்டு துணி போதவில்லையோ என்று மூன்றாவது துணி போட்டேன். பல்பு மாற்றினேன். புதுச் சூடம் கட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. கன்னியப்பனிடம் தனியாகச் சொன்னேன். அவர் தலையாட்டினார். வாசல் ஆணியில் வெள்ளைத் துணி தினமும் தொங்க ஆரம்பித்தது.

அதே சமயம் ஒரு நெசவாளி அச்சு ஒன்றைத் திருப்பிக்கொண்டு வந்தார். சந்தன நிறப் புடவையில் கோடு விழுந்துவிட்டதாம். அச்சைப் பார்த்தோம், தனம் கட்டியது. கட்டுகிறவர் பிடித்துக்கொள்கிற ஓரத்தில், விரல் விரலாகப் பழுப்பு.

ராமுலு ஆணித் துணியையும் அந்த அச்சையும் முடிச்சுப் போட்டுவிட்டார். சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, “அந்தக் கைக்கு ராசி இல்லப்பா. தொட்டதெல்லாம் துரு புடிக்குது பாரு” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு வம்புப் பேச்சாகத்தான் தெரியும். எங்கள் ஊரில் அப்படி இல்லை. கைராசி இங்கே பெரிய சொத்து. புதுத் தறி பூட்டினாலும், முகூர்த்தப் புடவைக்குப் பாவு ஏற்றினாலும், கைராசி உள்ள ஒருவரை அழைத்து முதல் ஊடை ஓட்டச் சொல்வார்கள். எங்கள் முதலாளிக்கு அந்த விஷயத்தில் ஊரெல்லாம் பேர். அவர் கை வைத்த தறி நின்றதில்லை என்பார்கள். நல்ல நாள் வந்தால் காலையிலேயே யாராவது பழத்தட்டோடு பட்டறை வாசலில் அவருக்காகக் காத்திருப்பார்கள். அவரும் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போவார். ராசியான கை என்ற பேர் அவருக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தது என்றால், ராசியில்லாத கை என்ற பேர் தனத்தை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

அவளே வந்து சொன்னாள். கருவி வாங்க வந்தவள் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீரியல் பேச்சு எல்லாம் போய்விட்டிருந்தது.

“அக்கா, இந்த வேல போனா கூட வேற வேல பாத்துக்குவேன். இந்தப் பேரு எங்க தெருவுக்குப் போச்சுன்னா பாவு குடுக்கறவரு நிறுத்திடுவாரு. ராசி இல்லாத கை இருக்கற வூட்டுல யாரு பட்ட குடுப்பாங்க? எங்க வூட்டுக்காரருக்கு தறிய வுட்டா ஒண்ணும் தெரியாதுக்கா.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராமுலுவைப் பிடித்து நன்றாக நாலு கேட்டேன். “நான் இன்னா இல்லாததயா சொன்னேன்? துணிய நீயே போய் பாரு” என்றார். துணி அங்கே தொங்கத்தான் செய்தது, அதுதான் இன்னும் எரிச்சல்.

ராமுலு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு முதலாளியிடம் போனார். முதலாளி நல்ல மனுஷர், சண்டை என்றால் ஆகாது. கன்னியப்பனைக் கூப்பிட்டு, “அந்தப் பொண்ண பேசாம பேக்கிங்குக்கு மாத்திடுப்பா” என்றார். நானும் அப்போது அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“மாத்தறது ஒரு நிமிச வேலைங்க” என்றார் கன்னியப்பன். “மாத்துனா, ஊரு பேசறது நெசம்னு நாமளே முத்திர குத்துன மாதிரி ஆயிடும். ஒரு வாரம் குடுங்க. கையத்தான பேசறாங்க, கையவே கேட்டுருவோம்.”

சனிக்கிழமை சாயங்காலம் அச்சுக் கம்பி செய்கிற எஃகிலேயே சின்னச் சின்னத் தகடுகளாக வெட்டி, பளபளவென்று தேய்த்து, ஸ்பிரிட்டில் துடைத்து ஒரு தட்டில் அடுக்கினார். ஒவ்வொருவரும் ஒரு தகட்டில் கட்டைவிரலை அழுத்தி எடுக்கணும். தகட்டின் பின்பக்கம் நான் பெயரைக் கீறிக்கொண்டே வந்தேன். ராமுலு, “இது இன்னா ஜோசியமா?” என்று கேட்டுக்கொண்டே அழுத்தினார். தனம் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினாள். நான் அழுத்தினேன், கன்னியப்பனும் அழுத்தினார். முடிந்தது என்று நான் தட்டைத் தூக்கும்போது, “இன்னும் ஒருத்தர் பாக்கி” என்று தட்டை வாங்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போனார்.

“எனக்கு எதுக்குப்பா? என் கை பட்டா இரும்பு தங்கமாயிடும்” என்று முதலாளி சிரித்தார்.

“ஆவட்டுங்க, நல்லதுதான். எல்லாரும்னு சொல்லிட்டேன்.”

முதலாளி சிரித்தபடியே அழுத்தினார். ஈரச் சாக்கு விரித்த பெட்டிக்குள் தட்டை வைத்து மூடி, என்னையே பூட்டச் சொன்னார் கன்னியப்பன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு அதே நினைப்பு. தனத்தின் தகடு பூத்திருக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தே எதற்கு எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டிக்கொடுக்கப் போகிறார் என்று அவர்மேல் கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை காலை எல்லோரையும் நிற்கவைத்துப் பெட்டியைத் திறந்தார். முதலாளியும் காபி டம்ளரோடு வந்து வாசலில் சாய்ந்து நின்றார். தகடுகளில் சிலது அப்படியே இருந்தன, சிலதில் லேசான மங்கல். இரண்டே இரண்டு தகட்டில் மட்டும் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, பழுப்பில் அச்சடித்ததுபோல் நின்றது.

“நீயே திருப்பி படிப்பா” என்றார் கன்னியப்பன் ராமுலுவிடம்.

ராமுலு ஒன்றைத் திருப்பினார். “தனம்” என்று படித்தார். “நான் அப்பவே சொல்லல?”

“சொன்ன. இன்னொண்ணையும் படி.”

ராமுலு அதைத் திருப்பினார். படிக்கவில்லை. என்னைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், கடைசியில் தட்டிலேயே வைத்துவிட்டார். “வசந்தாம்மா எழுத்து, ஒண்ணும் புரியல” என்றார்.

என் எழுத்தைப் பற்றி எவனும் அதுவரை குறை சொன்னதில்லை. நான் எடுத்துப் படித்தேன். “முதலாளி.”

முதலாளி டம்ளரை ஜன்னலில் வைத்துவிட்டு வந்தார். தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார், அதிலிருந்த சின்ன வெட்டுத் தழும்பு தகட்டிலும் இருந்தது. “என்னுதுதான்” என்றார். தகட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

கன்னியப்பன் எங்களைப் பார்த்துத் திரும்பினார். அவர் அவ்வளவு நேரம் பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. “சில பேருக்கு வேர்வைல உப்பு ஜாஸ்தி. ஒடம்பு அப்படி. அம்பத்தூர்ல எங்க இன்ஸ்பெக்டருக்கே அப்படித்தான், அவரு உறை போட்டுக்காம அளவுக் கருவியத் தொடமாட்டாரு. முதலாளி தொடறது பட்டு நூலு, பட்டு பூக்காது. அதனால அது ராசியான கை. தனம் தொடறது இரும்பு, இரும்பு பூக்குது. அதனால இது ராசி இல்லாத கை. ரெண்டும் ஒரே உப்பு. இதுக்கு மேல பேசறவங்க மொதல்ல முதலாளி கைய பேசிட்டு அப்புறம் இந்தம்மா கைய பேசுங்க.”

பட்டறைக்குள் பேச்சு அதோடு நின்றது. ஆனால் வெளியே போன பேச்சை யார் நிறுத்துவது? அந்த வாரமே, “இப்போதைக்கு பாவு இல்ல, அப்புறம் பாக்கலாம்” என்று தனம் வீட்டுக்குச் சொல்லி அனுப்பிவிட்டார் பாவு கொடுக்கிறவர். தறி வெறுமனே நின்றது. தனம் வேலைக்கு வந்தாள், பேசாமல் கட்டினாள், பேசாமல் போனாள். முதலாளியும் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. பழத்தட்டோடு வந்த ஒருவரை, உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கப் பாவமாக இருந்தது. இப்படி ஊரைக் கலக்கிவிட்டாரே என்று கன்னியப்பனிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தனத்தின் விரலுக்கு வழி கண்டுபிடிப்பதிலேயே இருந்தார்.

அடிக்கடி சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார். ஒரு மணி நேரம் தாங்கியது, பிறகு மறுபடி வேர்த்தது. முகத்துக்குப் போடுகிற பவுடரைத் தடவச் சொன்னார். வேர்வையோடு கலந்து பசையாகிக் கம்பிகளுக்கு நடுவில் போய் அடைத்துக்கொண்டது. அதைச் சுத்தம் செய்ததில் என் ஒரு நாள் போயிற்று. ரப்பர் உறை வாங்கிவந்தார். தனம் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தாள். “கம்பி எங்க இருக்குதுன்னே தெரியலண்ணா. கண்ண கட்டிக்கினு கட்டற மாதிரி இருக்குது” என்றாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. நெசவாளி வீடுகளில் வெட்டி எறிகிற பட்டுத் துணி ஓரம் எங்கள் வீட்டில் ஒரு பை நிறைய கிடந்தது. அதில் கட்டைவிரலுக்கும் அடுத்த இரண்டு விரலுக்கும் சின்னத் தொப்பிகள் தைத்தேன். அளவு எடுக்க அவள் விரலைப் பிடித்தபோது உள்ளங்கை ஜில்லென்று நனைந்திருந்தது. அவள் வெட்கப்பட்டுக் கையை இழுத்தாள். நான் விடவில்லை. தைத்த தொப்பிகளைப் போட்டுக்கொண்டு கம்பியைத் தொட்டாள். திரும்பவும் தொட்டாள்.

“தெரியுதுக்கா. ஒவ்வொண்ணா தெரியுது.”

நனைந்தால் மாற்றிக்கொள்ள நாலைந்து ஜோடி தைத்துக் கொடுத்தேன். அவளுக்கென்று தனிக் கருவிகள் ஒதுக்கினோம், அவை திரும்பி வரும்போதெல்லாம் ஸ்பிரிட் துணியால் ஒரு துடைப்பு. அடைமழை வாரத்தில் அவள் கட்டிய அச்சுகளைக் கன்னியப்பன் வேண்டுமென்றே பல்பு இல்லாத அலமாரியில் வைத்தார். எடுத்தபோது ஒன்றில்கூடப் பூக்கவில்லை. வெள்ளைத் துணியால் ஓரம் முழுக்கத் துடைத்து, என் முன்னால் விரித்துக் காட்டினார். துணி வெள்ளையாகவே இருந்தது. அன்றைக்குத்தான் அவரோடு மறுபடி பேசினேன். நித்யா, உனக்கு வேண்டிய பதில் இதுதான்: தாளும் பாக்கெட்டும் இருக்கட்டும், முதலில் அந்த ஆளின் விரல் அளவை எடு. திட்டாதே.

வேலையில் எனக்கு வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. இப்போது மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறேன், யாரும் ஜன்னலைத் தட்டி டூல் கேட்பதில்லை, அது ஒரு தனிச் சுகம். கன்னியப்பன் ஊரில் கத்தரிக்காய் போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். ராமுலு இன்னமும் பேசிக்கொண்டேதான் இருக்கிறார். கண்ணை மூடினால் எனக்கு முதலில் நினைவு வருவது, அந்த மழை விட்ட பிறகு நடந்ததுதான்.

முதலாளி தனத்தைக் கூப்பிட்டு அனுப்பினார். பயந்துபோய் என்னையும் கூடக் கூட்டிக்கொண்டு போனாள். மேஜைமேல் அந்தத் தகடு இருந்தது.

“வூட்டுல தறி சும்மா கெடக்குதாமே?” என்றார்.

“ஆமாங்க.”

“என் பொண்ணு முகூர்த்தப் புடவ அதுல நெய்யட்டும். பாவு, ஜரிக எல்லாம் நான் அனுப்பறேன்.”

சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன், அவள் தலையை ஆட்டினாள். “வேணாங்க. யோசிச்சுதான் சொல்றீங்களா? நாளைக்கு எதுனா ஒண்ணுன்னா என் தலைலதாங்க வந்து விழும்.”

“விழட்டும். தாங்கறதுக்கு ரெண்டு தல இருக்குதில்ல” என்றார் முதலாளி.

நல்ல நாள் பார்த்துக் காலையில் தனம் வீட்டில் பாவு ஏற்றினார்கள். அரக்குச் சிவப்பு. தறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பிள்ளையார் பிடித்து, தேங்காய் உடைத்தார்கள். தெருவே வந்து நின்றது. முதலாளி முதல் ஊடை ஓட்டுவதைப் பார்க்கப் பாவு நிறுத்தினவரும் வந்திருந்தார், கொஞ்சம் தள்ளி நின்றார். ராமுலு எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

தனத்தின் புருஷன் ஊடை நூலை ஓட்டுகிற நாடாவை இரண்டு கையிலும் ஏந்தி முதலாளியிடம் நீட்டினார். முதலாளி வாங்கவில்லை.

“நான் எதுக்குப்பா? அதே கை இந்த வூட்டுலயே இருக்குதே” என்றார். பிறகு கூட்டத்தின் பின்னால் நின்றிருந்தவளைப் பார்த்து, “தனம், வாம்மா” என்றார்.

தனம் புருஷனைப் பார்த்தாள், அவர் நாடாவை அவள் பக்கம் திருப்பினார். அவள் வந்து குழியில் காலை இறக்கி உட்கார்ந்தாள். நாடாவை வாங்கப் போன கை பாதியில் நின்றது. உள்ளங்கையைப் புடவையில் அழுத்தித் துடைத்தாள். நாடாவைப் பார்த்தாள். மறுபடியும் துடைத்தாள். மூன்றாவது தடவையும் கை புடவைக்குப் போயிற்று.

முதலாளி குனிந்து, அவளுக்கு மட்டும் சொல்வதுபோல் சொன்னார்.

“தொடைக்காதம்மா. இது பட்டு.”

தனம் நாடாவை ஓட்டினாள்.